படகின் பழைய பாரம்

1. தொட்டி ஒட்டுகிறவர்

திண்டுக்கல்லில் படகுப் பட்டறை கிடையாது. அதற்கான தேவையும் கிடையாது. ஆகவே பழனி பக்கத்து அணையில் ஓடிய எங்கள் அலுவலக ஃபைபர் படகைப் புதுப்பிக்க உத்தரவு வந்தபோது, ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகளை ஒட்டித் தருகிற ஜாபர் பாயின் பட்டறைக்கு அதை லாரியில் ஏற்றி வந்தோம். அப்போது நான் அணைகளைப் பராமரிக்கும் துறையின் கோட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி.

“போட்டு நமக்குப் புதுசுதான் சார்” என்றார் பாய். “ஆனா விசயம் ஒண்ணுதான். டேங்குல தண்ணி உள்ள நிக்கணும், இதுல வெளிய நிக்கணும். அம்புட்டுதானே?”

இவ்வளவு தெளிவான தொழில்நுட்பக் குறிப்பை எங்கள் பொறியாளர்கள் எவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

படகை இறக்க நான்கு பேர் போதும் என்று வந்தவர்கள், எட்டுப் பேரானார்கள். படகின் பின்புறத் தகட்டில் எடை இருநூற்று ஐம்பது கிலோ என்று பொறித்திருந்தது. பாய் சந்தேகப்பட்டு அதைத் திரும்ப லாரியிலேயே ஏற்றி, வெங்காய லாரிகள் நிற்கிற எடைமேடைக்குக் கொண்டுபோனார். லாரியின் எடையைக் கழித்தால் நானூற்று முப்பது வந்தது. பட்டறைக்குத் திரும்பியதும் படகின் அடித்தளத்தில் டிரில் போட்டு ஒரு துளை இட்டார். உள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

தளத்துக்கு அடியில் மஞ்சள் நிற ஃபோம் அடைத்திருப்பார்கள். படகு உடைந்தாலும், தண்ணீர் புகுந்து நிறைந்தாலும், முழுகாமல் தாங்குவதற்கு அது. எங்கள் ஃபோம் பல வருடமாக ஆணித் துளைகள் வழியாக அணைத் தண்ணீரைக் குடித்து ஊறிப் போயிருந்தது.

கோட்டப் பொறியாளர் செந்தில் வந்து பார்த்தார். “இத்தன வருசம் மெதந்துச்சுல்ல? அப்புறம் என்ன? வெயில்ல போடுங்க, காஞ்சிரும்.”

“உள்ள குடிச்ச தண்ணி வெயிலுக்கு வராது சார்” என்றார் பாய். “சவமாயிருச்சு இது. தோண்டி எடுத்துட்டுப் புதுசா ஊத்தணும்.”

“யாரு கண்ணுக்குத் தெரியப் போகுது? மேல புது பெயிண்ட் அடிச்சா போதும்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் விதிகளை அறிந்தவன். மதிப்பீட்டில் இல்லாத வேலைக்குத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்றேன். “கேளுங்க” என்று சொல்லிவிட்டுச் செந்தில் வண்டியேறினார்.

2. ஒரு எழுத்து

“படகின் பழைய ஃபோமை நீக்கிப் புதிய ஃபோம் வைத்தல்” என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். எங்கள் தட்டச்சர் இருபத்தெட்டு வருட அனுபவம் உள்ளவர். இந்த அலுவலகத்தில் பழையதை நீக்கிப் புதியது வைப்பது ஒன்றே ஒன்றுதான், அச்சடித்த படிவம், என்று அவருக்குத் தெரியும். “பழைய பாரத்தை நீக்கிப் புதிய பாரம் வைத்தல்” என்று திருத்தி அடித்தார். விண்ணப்பப் பாரம், கணக்குப் பாரம் என்று எங்கள் வாழ்க்கை முழுவதும் பாரம்தானே. படகைப் பொறுத்தவரை அது பிழையும் இல்லை. உள்ளே இருந்தது நூற்றெண்பது கிலோ பாரம்.

படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்தின் பதில் வந்தது. நீக்க உத்தேசித்துள்ள பாரங்களின் எண், வகை, பேணுகைக் காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மீளச் சமர்ப்பிக்க வேண்டும்; அதுவரை பழைய பாரம் எதையும் அப்புறப்படுத்தக் கூடாது.

செந்திலுக்கு இது போதுமானதாக இருந்தது. “எடுக்கக் கூடாதுன்னு ஆர்டரே வந்துருச்சு. மூடுங்கய்யா தளத்த.” பாய் துளையை அடைத்தார். நீலப் பெயிண்ட் அடித்தார். ஐப்பசி பிறப்பதற்குள் படகு பளபளவென்று அணைக்குத் திரும்பியது.

3. மெமோ

படகோட்டி மயில்சாமி பாலசமுத்திரத்துக்காரர். மழைக்காலத்தில் ஓடைகளில் வெள்ளம் வந்துவிட்டால் மறுகரைத் தோட்டங்களில் இருப்பவர்களைப் படகில் ஏற்றி வருவது அவர் வேலை. “படகு நல்ல நிலையில் உள்ளது” என்று பதிவேட்டில் அவர் கையொப்பம் இட வேண்டும். மாட்டேன் என்றுவிட்டார். விளக்கம் கேட்டு மெமோ தயாரிக்கும்படி செந்தில் உத்தரவிட்டார். அருமையான மெமோ ஒன்றை எழுதினேன். அதை நேரில் கொடுத்து, அலுவலக மொழியில் ‘சார்வு’ செய்ய, இருவரும் அணைக்குப் போனோம்.

மயில்சாமி மெமோவை வாங்கவில்லை. “ஏனுங்க சூப்பிரண்டு சார், கையெழுத்துத்தானுங்களே, போட்டுடலாமுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு பண்ணிக் காட்டறேன், செத்த பாருங்க.”

கரையோரம், கழுத்தளவு ஆழத்தில் படகை நிறுத்திக் கயிற்றைக் கட்டினார். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரின் ஓஸ் குழாயை எடுத்துப் படகுக்குள் போட்டார். கால் மணி நேரத்தில் படகு நிறைந்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லாமல், உட்காருகிற ஆளைப் போல நிதானமாக அடியில் போய் அமர்ந்தது. மேலே கயிறு மட்டும் தெரிந்தது.

“தண்ணிய ஊத்துனா எந்தப் போட்டும் முழுகத்தான்யா செய்யும்!” என்றார் செந்தில்.

“முழுகக் கூடாதுங்க சார். அதுக்குத்தானுங்க அந்த ஃபோமு. மெதக்கறப்ப அது எதுக்குங்க? போன வருசம் ஒரு நடைக்கு ஆறு பேர ஏத்தியாந்தேன். ரெண்டு கொழந்தைங்க. எனக்கு நீச்சல் தெரியுமுங்க. ஆறு பேரையும் நான் ஒருத்தன் எப்படீங்க புடிப்பேன்?”

செந்தில் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பையில் இருந்த மெமோவின் இலக்கணம் குறையற்றது. அதில் உண்மை மட்டும் இல்லை.

4. வேறு பெயர்

மறுநாள் கோப்பைத் திறந்தேன். முப்பத்து நான்கு வருடங்களில் நான் கற்றது இதுதான்: ஒரு பொருளுக்கு ஒரு பெயரில் கிடைக்காத ஒப்புதல் இன்னொரு பெயரில் கிடைக்கும். மழைக்கால உயிர்காப்புச் சாதனங்களைக் கோட்ட அளவிலேயே வாங்கலாம் என்று விதி உண்டு. “உயிர்காப்புச் சாதனம், படகினுள் நிலையாகப் பொருத்தத்தக்கது” என்று எழுதினேன். இந்த முறை நானே தட்டச்சுச் செய்தேன். செந்தில் கையெழுத்திட்டார்.

படகு மறுபடி பட்டறைக்கு வந்தது. பாய் தளத்தை அறுத்து ஊறிய ஃபோமைக் கட்டி கட்டியாகத் தோண்டினார். தலைமை அலுவலக ஆணைப்படி அப்புறப்படுத்தாமல், “பழைய பாரம் – பதினொரு மூட்டை” என்று சீட்டுக் கட்டிப் பதிவறையில் வைத்தேன். வாசனை தாங்காமல் பதிவறை எழுத்தர் இடமாறுதல் கேட்டார்.

புது ஃபோமுக்கு இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்ற வேண்டும். நுரைத்துப் பொங்கி நிமிடங்களில் இறுகிவிட்டது. “இட்லி மாவு தோத்துச்சு சார்” என்றார் பாய்.

5. கரையில்

அணையில் மறுபடியும் அதே ஓஸ். படகு நிறைந்தது. விளிம்புகள் நீர்மட்டத்துக்கு இறங்கி, அங்கேயே நின்றன. மயில்சாமி உள்ளே ஏறி, இடுப்பளவு தண்ணீரில் பலகைமேல் உட்கார்ந்தார். படகு கொஞ்சம் தாழ்ந்தது, முழுகவில்லை. அங்கிருந்தபடியே பதிவேட்டைக் கேட்டு, ஈரக் கையால் கையொப்பம் இட்டார்.

“அதிகாரி கையெழுத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கே சார்” என்றேன் செந்திலிடம்.

“எனக்குப் பதிலா நீங்களே ‘ஃபார்’ போட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க” என்று ஜீப்பை நோக்கி நடந்தார்.

பேனாவைத் திறந்தேன். தண்ணீரில் உட்கார்ந்திருந்த மயில்சாமி சிரித்தார். “ஏறிப் பாத்துட்டுப் போடுங்க சூப்பிரண்டு சார்.”

எனக்கு நீச்சல் தெரியாது. சரிபார்க்கப்பட்டது என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். எதையும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் மார்புக்கு வந்தது. படகு ஒரு முறை ஆடி, எங்கள் இருவரையும் தாங்கி நின்றது.

இளைய எழுத்தர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. நல்ல நிலையில் உள்ளது என்று எழுதும் முன் அதில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். வேட்டி காய்ந்துவிடும்.