ஒளித்துக் கொடுத்த பால்

எனக்கு இரண்டாவது கரு தங்கியதும் மாமியார் செய்த முதல் காரியம், மூத்தவளின் பாலை நிறுத்தியது. அவளுக்கு அப்போதுதான் ஒரு வயது தாண்டியிருந்தது. "வவுத்துல ஒண்ணு இருக்கையில குடுக்கறது சீக்குப் பாலு. புள்ள சவலையாப் போயிடும்" என்றார். அடுத்தது வயிற்றில் வந்ததும் கைப்பிள்ளை மெலிந்துபோனால் அதைத்தான் சவலை என்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில்கூட உடையார்பாளையம் பக்கத்தில் இதை மறுத்துப் பேச ஆளில்லை.

பால் நின்றது, பேதி தொடங்கியது. புட்டிப்பாலுக்குக் கைப்பம்புத் தண்ணீர். காய்ச்சலாம் என்றால் மாமியார், "வெறகு ஒங்கப்பன் வூட்லேருந்து வருதா?" மெடிக்கலில் சொல்லி ஒரு சிரப் வாங்கி வருவார்கள். நிற்கும். சிரப் தீர்ந்ததும் மறுபடி போகும். தொடைச் சதை வற்றித் தோல் தொங்கியது. பிழைக்க மாட்டாளோ என்று பயந்து செத்தேன். "நான் அப்பவே சொல்லல, சவலைன்னு?" என்று மாமியார் ஜெயித்த முகத்தோடு நின்றபோது பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

அடம்பிடித்து அழுது அரியலூருக்கு பஸ் ஏறினேன். டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார்.

"கொடல்ல நல்ல கிருமியும் இருக்கும்மா. சும்மா சும்மா மருந்து ஊத்தி அதையும் சேத்துக் கொன்னுட்டீங்க. தாய்ப்பால் குடுத்தா அது திரும்ப வளரும். மாசமா இருந்தா என்ன, தாராளமா குடு. வெளிக்குப் போற எடத்துல மட்டும் புள்ளையக் கீழ விடாத. அந்த மண்ணுலதான் கெட்டது இருக்கு."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். வீட்டில் வந்து சொன்னதற்கு மாமியார், "டாக்டரா பெத்து வளத்தா?" என்றார். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா சொல்றதக் கேட்டுட்டுப் போயேன்" என்றார். கூட்டுக் குடும்பம். பகலில் எந்தக் கதவைச் சாத்தினாலும் ஏன் என்று ஒரு குரல் வரும். இரவில் பிள்ளை மாமியார் பக்கத்தில்தான் படுக்கும்.

யாரையும் கேட்காமல் நான் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊர்ப் பெண்கள் வெளிக்குப் போகிற முந்திரிக்காடு.

பொழுது சாயும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செம்போடு கிளம்பினேன். உட்கார ஓரடி சுத்தமான இடமில்லை. மரத்தில் சாய்ந்து நின்றபடியே மார்பில் வைத்தேன். ஆவலாகக் குடித்தாள். எனக்கு அழுகை வந்தது. வயிறு நிறைந்ததும் இறங்கத் துள்ளினாள்.

"எறங்காதடி தங்கம், எறங்காத."

இறுக்கிப் பிடித்ததில் வீறிட்டாள். பக்கத்துப் புதர்களில் பெண்கள் இருந்தார்கள். இந்த நேரத்தில் பிள்ளையோடு அங்கே என்ன வேலை என்று கேட்டால் முடிந்தது, மாமியார் காதுக்குப் போய்விடும். கால் கீழே படக்கூடாது, சத்தமும் வெளியே போகக்கூடாது. பால் குடித்த அந்த வாயை என் கையாலேயே பொத்தினேன்.