கேதம் சொல்ல ஓடியவன்

ஓடுவதை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. பசறையில் பஸ்ஸைத் தவறவிட்டால் தோட்டம் வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறி வந்துவிடுகிற முழங்கால்தான் அது. பொய் சொல்வது சுலபமாக இருக்கிறது. கேட்டவரும் "அடடா" என்று இரண்டு தைலத்தின் பேரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். உயர்ந்துபோன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக விடுகிற வேலை. ஆளுக்கு இத்தனை செடி என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் சொல்லிவிடுவார்கள். முடித்தவன் வீட்டுக்குப் போகலாம். நான் பேய் மாதிரி வெட்டுவேன். மற்றவர்கள் வெற்றிலை போட உட்காரும்போதும் வெட்டுவேன். கங்காணி பார்த்துவிட்டு, "என்னாப்பா, பொண்டாட்டி காத்துக்கிட்டு இருக்காளா?" என்பார். பொண்டாட்டி ஏது? பகல் ஒரு மணிக்குக் கத்தியைக் கழுவி வைத்தால் இருட்டுவதற்குள் இரண்டு மலை ஏறி இறங்கலாம். அதற்குத்தான் அத்தனை அவசரம்.

பதுளையில் வருடத்துக்கு ஒரு தடவை மலைப்பாதை ஓட்டம் ஒன்று நடக்கும். தார் ரோட்டில் ஓடுவதில்லை. தேயிலைக்குள்ளே நுழைந்து, மானாப்புல் காட்டில் ஏறி, ஓடையில் இறங்கிப் போகிற பாதை. முதல் மூன்று பேரைக் கொழும்பில் ஒரு கம்பெனி தன்னுடைய ஓட்டக் குழுவுக்கு எடுத்துக்கொள்ளும். வேலையும் தங்குமிடமும் அவர்களே கொடுப்பார்கள். முதல் தடவை ஓடியபோது நான் நாலாவது. மூன்றாவது வந்தவனுடைய முதுகை இன்றைக்கும் அடையாளம் சொல்லுவேன், அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அடுத்த வருடம் விடவே மாட்டேன் என்று இருந்தேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே சாகாமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கூட ஓடியவன் ஒருவன். லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராக்காரன், தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை. என்னைவிட மெதுவாகத்தான் ஓடுவான், ஆனால் ஏறும்போதும் வாய் ஓயாது. கையில் ஒரு பழைய கடிகாரம் கட்டியிருப்பான். உச்சிக்கு வந்ததும் அதைப் பார்த்து, "போன வாரத்தவிட கொறச்சல் மச்சான், நீ கொழும்புக்குப் போயிருவ" என்பான். ஓடப் போவதற்கு முன்னால் இருவரும் கணுக்காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வோம், அட்டை ஏறாமலிருக்க. அம்மா திட்டுவாள். "கட்டி முழுக்க கால்லயே கரைஞ்சா நா துணிய எதுல தொவைக்கிறது? ஓடி ஓடி என்னத்தக் கண்டீங்க ரெண்டு பேரும்?"

அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு இழுப்பு. பனிக்காலத்தில் இரண்டு தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் தூங்குவாள். ஒரே தங்கச்சியை லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ரோட்டுக்கு இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, மறுபடி ஏறிப் போனால் அரை நாள் போய்விடும். மலைக்குறுக்கில் நடந்தால் நாலு மணித்தியாலம். நான் ஓடினால் இரண்டுக்கும் குறைவு.

இந்த இரண்டுக்கும் குறைவுதான் எனக்கு வினையாக வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் சொந்தக்காரர்களுக்கு ஆள் நேரில் போய்த்தான் கேதம் சொல்ல வேண்டும். ஆபீஸ் போனில் சொன்னால் அது சொன்னதாகாது. "எங்களுக்கு ஆள் விட்டுச் சொன்னீங்களா?" என்று பத்து வருடத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு நாள் மேல் லயத்தில் ஒரு பெரியவர் போய்விட்டார். அவருடைய மகள்கள் தங்கச்சியின் தோட்டத்துப் பக்கம். தோட்டத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீதான் காடு மேடெல்லாம் ஓடுறியே. ஒரு எட்டு ஓடிச் சொல்லிட்டு வந்துருப்பா" என்றார். ஓடினேன். மகள்கள் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்து முகம் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு வேலைக்கு வந்ததாகவே பேரும் போட்டார்கள்.

பிறகென்ன, எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் நான்தான். மழையிலும் ஓடினேன், காய்ச்சலோடும் ஓடினேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாராவது சீரியஸாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டால் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். வெட்டு வேலை இல்லாமல், பேரும் விழுந்து, முழு மலையும் ஓடலாமே! ஒப்பாரி வைக்கிற வாசலில் நின்று மனதுக்குள் நேரக் கணக்குப் போட்டவன் நான். சீ, என்ன பிறவி என்று இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

என்னைக் கண்டாலே சனம் பயப்படுவதைக் கூட ஓடிய கூட்டாளிதான் முதலில் கவனித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்காக ஓடியபோது, பாதையோரம் புல்லறுத்த ஒரு அம்மா எங்களைக் கண்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்து, "யாரு சாமி? யாரு போயிட்டாங்க?" என்று கேட்டாள். யாருமில்லை, சும்மா ஓடுகிறோம் என்றேன். "சும்மா எதுக்குய்யா ஓடுறீங்க?" என்று ஏசினாள். நான் சிரித்துக்கொண்டே ஓடினேன். அவன் சிரிக்கவில்லை.

"மச்சான், ஒன்னையப் பாத்தாலே சனத்துக்கு வயித்தக் கலக்குது. நம்ம வேற பக்கம் ஓடுவோம்."

"வேற பக்கம் இந்த மாதிரி ஏத்தம் இருக்கா? போட்டிக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு. சும்மா கெட."

"நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஒனக்கு ஏற முடியல, அதச் சொல்லு" என்றேன். அன்றைக்கு மிச்சத் தூரம் அவன் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுவும் நல்லதாகத்தான் பட்டது, மூச்சை எண்ணி ஓடலாமே என்று.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அம்மாவுக்கு இழுப்பு முற்றிப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பகலில் வெட்டு, பிறகு பஸ் பிடித்து ஆஸ்பத்திரி, ஓட நேரமே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் கால் தசை இளகிப்போகிறதே என்று கவலைப்பட்டேன். தங்கச்சிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. பஸ்ஸில் குலுங்கி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். அவள் வீட்டுக்காரர் ஒரு தடவை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார். அப்போது ஆபத்தாகத்தான் இருந்தது, அதைத்தான் அவர் போய்ச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது வாரம் அம்மா தேறிவிட்டாள். எழுந்து உட்கார்ந்து, சோறு சரியில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் டொக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டாளிக்கு பெக்டரியில் வேலை. நான் மட்டும் ஒரு கணக்குப் போட்டேன். மலைக்குறுக்கில் தங்கச்சி வீட்டுக்கு ஓடினால் விட்டுப்போன பயிற்சியும் ஆகும், அம்மாவுக்குச் சுகம் என்ற சேதியைச் சொன்னதும் ஆகும், அவளைப் பார்த்ததும் ஆகும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே ஓட்டத்தில் நல்லவனாக இருக்கப் பார்த்தேன்.

அன்றைக்கு ஓடிய மாதிரி நான் என்றைக்கும் ஓடியதில்லை. கால் தரையில் பட்ட ஞாபகமே இல்லை. அவளுடைய லயத்துக்கு மேலே பாதை ஏழெட்டு வளைவாக இறங்கும். இறக்கத்தில்தான் நான் கெட்டிக்காரன். கீழே தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் பொம்பளைகள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் தலையில் வைத்து, "அய்யய்யோ, ஓடி வாறானே! புள்ளத்தாச்சிப் புள்ளகிட்ட என்னான்னு சொல்லுவேன்!" என்று கத்தினாள்.

அடுத்த நிமிடம் பீலியடி முழுக்க ஒப்பாரி. லயத்துக் கதவுகள் திறந்தன. "இல்ல! அம்மாவுக்கு சொகம்!" என்று கத்தினேன். இரண்டு மணித்தியாலம் ஓடியவனுக்குத் தொண்டையில் என்ன இருக்கும்? அந்த அழுகையில் யாருக்குக் கேட்கும்? நின்றிருக்கலாம். அந்த இடத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும், எல்லோருக்கும் விளங்கியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சீக்கிரம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இன்னும் வேகமாக ஓடினேன்.

தங்கச்சி தலைவிரி கோலமாக, வெறுங்காலோடு, "அம்மா, அம்மா" என்று என்னை நோக்கிக் கல்லுப்படியில் ஏறி வந்தாள். சவர்க்காரத் தண்ணீர் ஓடிய படி. நான் கடைசி வளைவைத் திரும்பும்போது அவள் கால் வழுக்கிப் பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தாள். நான் போய்ச் சேர்ந்து, "அம்மா நல்லாருக்கு பாப்பா, வியாழக்கெழம வீட்டுக்கு வருது" என்று அவள் காதில் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை தங்கவில்லை.

என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அவள் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், "ஒங்க மேல என்னாங்க குத்தம், எங்க விதி" என்றார். தங்கச்சி மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள். "கொஞ்சம் நடந்து வந்திருக்கலாமேண்ணே" என்றாள். அம்மா வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நா செத்துத் தொலைஞ்சிருந்தா ஓடுனதுக்கு ஒரு அர்த்தமாவது இருந்திருக்கும்" என்றாள்.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது கூட்டாளி வந்தான். "வா மச்சான், நீ ஓடலன்னா அந்தப் புள்ள திரும்பி வந்துருமா?" என்று கேட்டான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "ஒன் கருநாக்குதான்டா எல்லாத்துக்கும் காரணம். வேற பக்கம் ஓடு, வேற பக்கம் ஓடுன்னு சொல்லிச் சொல்லியே வர வச்சுட்ட" என்று சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். நல்லதைச் சொன்ன ஒரே ஆளை வாசலில் வைத்து அப்படிச் சொன்னேன். அவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போனான். போட்டியன்று நான் கவ்வாத்து மலையில் நின்றேன். மூன்றாவதாக வந்தவன் அவன்தான். கொழும்புக்குப் புறப்பட்ட அன்று காலையில் கதவைத் தட்டி, "போயிட்டு வாறேன்டா" என்றான். உள்ளே நின்றுகொண்டு நான் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. பொறாமை, வேறென்ன. பிறகு இரண்டு கடிதம் போட்டான். பதில் எழுதவில்லை. மூன்றாவது வரவுமில்லை.

தங்கச்சிக்கு அதற்குப் பிறகு பிள்ளை தங்கவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவளைப் பார்க்கப் போவேன், நடந்துதான் போவேன். கேதம் சொல்ல வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். பாதை வளைவில் என் தலை தெரிந்தால் லயத்துச் சனம் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும். நடைதான் என்று தெரிந்ததும் மூச்சு விட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கல்யாணம் பண்ணு என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அதே தோட்டம், அதே கத்தி. கங்காணி மட்டும் மாறினார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, லயங்களுக்குக் கைப்போன் வந்து சேராத ஒரு வருடம், அம்மா ஒரு விடிகாலையில் போய்விட்டாள். இழுப்புத்தான். தண்ணீர் கேட்டாள், நான் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பகல் ஒரு மணிக்கே அடக்கம் செய்வது என்று முடிவானது. "நீ இருப்பா, மகன் வீட்டுல இருக்கணும். ஆள் விடுறேன்" என்றார் தலைவர். எவனோ ஒருவன் ஓடிப்போய் அவள் லயத்து வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நானே போகிறேன் என்றேன். "அப்ப ஓடு தம்பி, நேரம் இல்ல" என்றார்.

மலையுச்சி வரை வேகமாக ஏறினேன். சரியான நேரத்துக்கு அவள் வந்து முகம் பார்க்க வேண்டுமானால் நான் ஓடத்தான் வேண்டும், எனக்குத் தெரியாதா? இரண்டு தடவை ஓட ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் பத்து அடி போனதும் கால் தானாக நின்றது. அழுதுகொண்டே நடந்தேன். லயத்துக்கு மேல் வளைவில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தங்கச்சி பீலியடியில் குடத்தோடு நின்றாள். பக்கத்தில் நின்றவள் அவள் கையைப் பிடித்தது தெரிந்தது. தங்கச்சி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "பயப்படாதக்கா, எங்கண்ணே நடந்துதான் வருது" என்று சொன்னது மேலே எனக்கே கேட்டது. நான் கிட்டே போனதும் சிரித்தாள். "வாண்ணே. என்னா திடீர்னு? அம்மாவுக்கு இழுப்பு கொறைஞ்சிருக்கா? வா, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

பின்னாலேயே போனேன். அடுப்பைப் பற்ற வைத்தாள். அம்மாவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வாங்கி வைத்திருந்த ஒரு சீலையை எடுத்து என் மடியில் வைத்து, கலர் பிடிக்குமா என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். அவள் கோப்பையை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.