அய்யாவின் சுவரும் நான் அடித்த வெள்ளையும்

நாங்கள் அய்யா என்று அழைத்த எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, அக்கா ஒரே போடாகப் போட்டாள்: "சுவத்த அழிச்சவன்தான் எழுதணும்." தப்பிக்க வழியில்லை.

அய்யா உப்பூருக்கு அருகே, கடற்காற்று படும் சிற்றூரில் பிறந்தார்கள். தாத்தா விட்டுச்சென்ற நிலத்தில் பாதி உவர். நெல் விதைத்தால் உப்புத்தான் பூக்கும். அய்யா சலிக்கவில்லை. கண்மாய் வண்டலை வண்டி வண்டியாகக் கொட்டினார்கள். பசுந்தாள் உரத்துக்குக் கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுதார்கள். கரையோரம் பனங்கொட்டை ஊன்றினார்கள். எந்த வயலுக்கு எவ்வளவு வண்டல், எந்த மழையில் எந்த வரப்பு உடைந்தது, எது பலித்தது, எது வீண் என்று எல்லாவற்றையும் மோட்டார் ரூம் உட்சுவரில் கரியால் எழுதிவைத்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் விதைப்பார்கள்.

பரமக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் நான், ஒரு பொங்கலுக்கு அய்யாவை அசத்திவிடலாம் என்று, சொல்லாமல் கொள்ளாமல் அந்த ரூமுக்கு வெள்ளையடித்தேன். அதுவும் இரண்டு பூச்சு!

அய்யா வந்து பார்த்தார்கள். "ஏலே, மண்ணு பட்ட பாடு பூராத்தையும் அழிச்சுப்புட்டியே!"

எனக்கு உயிரே போய்விட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வண்டிய எடு. கூட நின்னு பாடுபட்டவுககிட்டயே கேட்டு எழுதுவோம்."

பதினைந்து நாள் வீடு வீடாக அலைந்தோம். எல்லா வீட்டிலும் காப்பி, எல்லா வீட்டிலும் வாக்குவாதம். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, அய்யாவை மடக்கியே விட்டார்கள். "கடல்தண்ணி ஏறுனப்ப கரைய அடைச்சது நாங்க பொம்பளையாளுக, மச்சான். ஒங்க சுவத்துல எங்க பேரு இருந்துச்சா?"

அய்யா அந்தப் பெண்களின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். புதிதாக எழுதியபோது அந்தப் பெயர்கள்தான் முதலில் ஏறின. கரியால் அல்ல, என் கடை எனாமல் பெயிண்டில்.

நினைவிலிருந்ததை எடுத்துச்சொன்ன அத்தனை பேருக்கும், கடைசி நாட்களில் அய்யாவைக் கட்டிலோடு தூக்கிவந்து கதிர் முற்றிய வயலைக் காட்டிய பங்காளிகளுக்கும் நாங்கள் குடும்பத்தோடு கைகூப்புகிறோம்.

காரியம் முடிந்த மறுநாள் மோட்டார் போடப் போனேன். கதவுக்குப் பின்னால், நான் அதுவரை பார்த்திராத ஒரு வரி, அய்யாவின் கையெழுத்தில் இருந்தது:

"இந்தப் பொங்கலுக்கு மகன் சுவத்த அழிச்சான். நல்லதாப் போச்சு. விட்டுப்போன பேரு பூரா கெடச்சுருச்சு."