ஏலக்காட்டில் பூமாரியின் இங்கிலீஷ்

கம்பத்தில் எங்கள் தெருவில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். எங்கள் வீட்டுக்கே அதுதான் முதல் பட்டம். அந்தப் பெருமையில் எனக்கு இன்றைக்கும் குறைவில்லை. ஆனால் இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஆள் யார் என்று தெருவில் யாராவது கேட்டால், எட்டாவதோடு நின்றுபோன பூமாரியக்காவின் வீட்டைத்தான் கைகாட்டுவேன்.

படிப்பு முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த பத்து மாதமும் அப்பாவின் ஜீப்பை நான்தான் ஓட்டினேன். காலை ஆறரைக்குப் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயந்தரம் திரும்பக் கூட்டி வரும்வரை எனக்கு அங்கேதான் இருப்பு. பூமாரியக்கா எப்போதும் என் பக்கத்து சீட்டு. பின்னால் நெருக்கி உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

அந்த மூச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பதினாறு வருஷம் ஏலக்காய் எடுத்தவர். செடிக்கு மருந்தடித்த மறுநாள் காட்டுக்குள் போனால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "காய் எடுக்குறத விடும்மா. இல்லாட்டி இன்னும் ரெண்டு வருஷத்துல மாடிப்படி ஏற மாட்ட." விட்டுவிட்டு எங்கே போவது? வேறு கைத்தொழில் கிடையாது. மகள் அனுஷ்கா நர்சிங் இரண்டாம் வருஷம்.

அந்த நேரத்தில்தான், குமுளியிலிருந்து டாக்சியில் வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய பையன் வெளிநாடு போய்விட்டான். நிழல் பாதையில் நடந்துகொண்டே பேசுகிற வேலை; மருந்துக் காட்டுக்குள் குனிந்து கிடக்க வேண்டியதில்லை. அக்கா நேராக மேனேஜரிடம் போய் நின்றார்.

"சார், அந்த வேலைய எனக்குத் தாங்க."

மலையாளியான மேனேஜர் சிரித்திருக்கிறார். "நினக்கு இங்கிலீஷ் அறியுமோ?"

"ஒரு மாசம் குடுங்க. பெறகு சோதிச்சுப் பாருங்க."

மறுநாளிலிருந்து ஜீப்புக்குள் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. காதில் இயர்போன், போனில் ஏதாவது ஒரு வீடியோ, வாயில் முணுமுணுப்பு. பின் சீட்டிலிருந்து சங்கிலியம்மா விடாமல் சீண்டுவார்.

"ஏ பூமாரி, இங்கிலீசுல ஒரு கொட்டாவி விடு, பாப்போம்."

"சிரிங்க மதினி, சிரிங்க. நாளைக்கு தொரைமாரு வந்தாகன்னா நீங்களும் காட்சிப் பொருளுதேன். உங்களையும் கைகாட்டித்தேன் பேசுவேன்."

நானும் என் படிப்பைக் காட்டலாம் என்று இலக்கண விதிகளை எடுத்துவிட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நாலாவது நாள், மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், அவரே ஒன்று சொன்னார்.

"தம்பி, நம்ம பேச்சுல 'நடக்கலாம்'னா ஒரே சொல்லு. நடுவுல வெரலு விட எடமில்ல. இங்கிலீசுல 'கேன்' தனியா நிக்கிது, 'வாக்' தனியா நிக்கிது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து கெடக்கு பாத்தியா?"

"ஆமாக்கா."

"'மெதுவா நடக்கலாம்'ங்கறதுக்கு நாம மெதுவாவ மொதல்ல வக்கிறோம். அவங்க அந்தச் சந்துக்குள்ள வக்கிறாக. யூ கேன் ஸ்லோலி வாக். வீடியோவுல எத்தன பேரு பேசுறாக, பாதிப் பேரு அப்படித்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் இங்கிலீஷ் படித்த நான், முதல் இன்டர்வியூவில் 'டெஃபனட்லி ஐ வில் ஒர்க்' என்றுதான் ஆரம்பித்தேன். அதுவும் தப்பில்லை. ஆனால் 'டெஃபனட்லி'க்கு, 'வில்'லுக்கும் 'ஒர்க்'குக்கும் நடுவில் இதமான ஓர் இருக்கை உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அக்கா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது இலக்கணத்துக்காக இல்லை. நேரத்துக்காக. வினைச்சொல் அவருக்குச் சட்டென்று நாக்கில் வராது. கேன், வில், மஸ்ட் எல்லாம் வந்துவிடும். அடுத்தது தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அதனால் சந்துக்குள் வைக்க நாலு சொல்லைத் தயாராக வைத்துக்கொண்டார்: ஸ்லோலி, ஆல்சோ, ஆல்வேஸ், நெவர். "யூ கேன் ஆ...ல்...சோ" என்று இழுத்துக்கொண்டே வேண்டிய வினையைத் தேடி எடுத்து, "ஸ்மெல்!" என்று வைப்பார்.

"காய் எடுக்குற மாதிரித்தேன் தம்பி. கையக் காய்ச் சரத்துக்குள்ள விட்டதும் பறிச்சுற முடியுமா? எது முத்துனது, எது பிஞ்சுன்னு வெரலு ஒரு கணம் நிக்கணும்ல."

மாசக் கடைசியில் சோதனை வந்தது. வந்தவர்கள் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. நரைத்த தலையும் தொப்பியுமாக, இருவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். கிளம்பும் முன்பு மேனேஜர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கும் அது கேட்டது.

"மருந்து காரியம் மாத்ரம் பேச வேண்டா, கேட்டோ? இது ஆரோக்கியமான தோட்டம்னு பறஞ்சா மதி, அது போதும்."

அக்கா தலையாட்டினார். மேனேஜர் பத்தடி பின்னால் நடந்தார். என்னையும் கூட வரச் சொன்னார். சொல் எதுவும் தட்டினால் கைகொடுக்கலாம் என்று நினைத்திருப்பார். தேவையே வரவில்லை. அக்கா மிளகுக் கொடியைக் காட்டினார், மரத்தைத் தட்டினார், அட்டைப் பூச்சிக்குக் காலில் உப்புத் தேய்த்துவிட்டார். "யூ கேன் ஸ்லோலி கம்." "திஸ் ஃபிளவர் வில் ஆல்வேஸ்... ஓப்பன் மார்னிங்." இழுத்து இழுத்துப் பேசியது அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போனது. இவ்வளவு நிதானமாக யாரும் தங்களிடம் பேசியதில்லை என்று கணவரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். திரும்பிப் பார்த்தால் மேனேஜர் முகத்திலும் சிரிப்பு. வேலை கிடைத்தாயிற்று என்றே நினைத்தேன்.

பாதை ஓடை ஓரமாகத் திரும்பியது. வலது பக்கம் முந்தின நாள் மருந்தடித்த காடு. அந்த வாடை எனக்கே பிடிபட்டது. அக்காவுக்கு இரண்டு முறை இருமல் வந்தது. அதற்குள் அந்த அம்மா குனிந்து, அடிச்சரத்திலிருந்து ஒரு பச்சைக் காயைக் கிள்ளி, வாய்க்குக் கொண்டுபோய்விட்டார்.

"யூ மஸ்ட் நெவர்..."

அக்கா அதோடு நின்றுவிட்டார்.

அந்த அம்மாவின் கை உதட்டருகே நின்றது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். 'ப்ளக்' என்று முடித்தால் போதும். பறிக்கக் கூடாது, தோட்டத்துச் சட்டம், எல்லாரும் சிரித்துக்கொண்டே நடந்திருப்பார்கள். அந்தச் சொல் அக்காவுக்கு நன்றாகவே தெரியும். காலையில் ஜீப்பில் பத்துத் தரம் சொல்லிப் பார்த்ததுதான். அவர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் விரலைப் பார்த்தார்.

"ஈட்," என்றார். "யூ மஸ்ட் நெவர் ஈட். யெஸ்டர்டே ஸ்ப்ரே. பாய்சன், அம்மா." சொல்லிக்கொண்டே காயைத் தட்டிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த அம்மாவின் கையைக் கழுவிவிட்டார்.

விருந்தாளிகளின் டாக்சி போனதும் மேனேஜர் கத்தவில்லை. "நாளை முதல் காய் எடுக்கான் போயா மதி," என்று பழைய வேலைக்கே திரும்பச் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

இறங்கும் வழியில் நடந்ததை நான்தான் மற்றவர்களிடம் சொன்னேன். அடிவாரத்துக் கொய்யாத் தோப்பு வந்ததும் சங்கிலியம்மா கேட்டார்.

"ஏண்டி, நடுவுல நின்னியாமே, அப்ப என்னதேன் யோசிச்ச?"

"என்னத்த யோசிக்க மதினி. அந்தம்மா வாய்க்கிட்ட காய் இருந்துச்சு. எனக்கு நெஞ்சு விசில் அடிச்சுச்சு. அவ்வளவுதேன்."

"வேல போச்சே?"

"போச்சு."

மறுநாள் அக்கா கூடையோடு வந்தார். மருந்தடித்த காட்டுக்கே அனுப்பினார்கள். சாயந்தரம் ஜீப்பில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். ஆனாலும் இயர்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. எதற்கு இன்னும் என்று கேட்டேன். "படிச்சத யாரும் பிடுங்க முடியாதுன்னு நீதான சொல்லுவ," என்றார்.

பதினேழு நாள் இப்படிப் போனது. பதினெட்டாம் நாள் குமுளி டாக்சிக்காரர் இரண்டு குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த வயதான தம்பதி விடுதியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், உண்மையைச் சொல்லும் அந்தப் பெண்மணியோடுதான் தோட்டம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் அக்காவைத்தான் கேட்டார்கள். வேறு ஆள் வருவார் என்றதும் டாக்சியிலிருந்து இறங்கவே இல்லை.

மேனேஜர் காட்டுக்குள் அவரே நடந்து வந்தார். அக்கா எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த கூடையை அவிழ்க்காமலேயே நின்றார்.

"பூமாரி, வா. ஆளு வந்துருக்கு."

அக்கா அவரிடம் இங்கிலீஷில்தான் பதில் சொன்னார். தமிழில் சொல்லியிருந்தால் கெஞ்சுவதுபோல ஆகியிருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"ஐ கேன் ஒன்லி..." என்று நிறுத்தினார். மேனேஜர் காத்திருந்தார். அந்தச் சந்தில் அக்கா நிற்கும்போது காத்திருக்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. "ஷோ குட் சைட், சார். எவ்ரி மார்னிங், யூ டெல் மீ, விச் சைட் ஸ்ப்ரே."

மேனேஜர் மூக்கை உறிஞ்சினார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் "ஓகே" என்றார்.

அப்போதுதான் அக்கா கூடையை அவிழ்த்துச் சங்கிலியம்மாவிடம் நீட்டினார்.

"பிடிங்க மதினி. தொரைமாரு வந்துருக்காக."

"போடி, போ. என்னையக் கைகாட்டுனா மட்டும் பாத்துக்க," என்று சங்கிலியம்மா கூடையை வாங்கிக்கொண்டு, கலைந்திருந்த முந்தானையை அவசரமாகச் சரிசெய்துகொண்டார்.