நேர்ந்துவிட்ட கோழியும் மூன்று மயில்குஞ்சுகளும்

கோழியை நேர்ந்தது நான்தான். அதை எங்கேயும் நான் மறுத்ததில்லை.

கோடையில் ஒரு காலை நேரம். வீட்டுக்குப் பின்னால் கோழிகளுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தேன். மேற்கே சத்தம் கேட்டது. பட்டாசை வெடித்துப் பார்க்கிற சத்தம் எங்கள் பக்கம் தினமும் கேட்கும். அதற்கு யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டோம். இந்தச் சத்தம் தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறியது. புகை எழும்பிய திசையில்தான் என் வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிற பட்டாசு யூனிட் இருந்தது. வாயில் ஜெபம் வரவில்லை. எதிரே ஒரு கறுப்பு வெடைக்கோழி, இன்னும் முட்டைக்கு வராத குட்டிக்கோழி, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. “ஆண்டவரே, அவரை உசுரோட கொண்டாந்து சேரும். இந்தக் கோழிய உமக்குத் தாரேன்” என்றேன். மாடு நின்றிருந்தால் மாட்டைச் சொல்லியிருப்பேன்.

அவர் வந்தார். உடம்பெல்லாம் வெள்ளி நிறப் பவுடர், இடது காதில் இரத்தம். அந்தக் காது இன்றுவரை கேட்காது. பக்கத்து அறையில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் வரவில்லை. நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாத அறை. சீசன் ஆர்டர் என்று அதைப்போல இரண்டு மடங்கு ஆளை உட்கார வைத்திருந்தார், யூனிட்டை லீசுக்கு எடுத்து நடத்துகிற காண்ட்ராக்டர். வாசலுக்குத் தள்ளி இருந்த இரண்டு பேரால் வெளியே வர முடியவில்லை. அதில் ஒருத்தி, எங்கள் வேலிக்கு அந்தப்புறம் குடியிருக்கிறவளின் கூடப்பிறந்த அக்கா.

யூனிட்டை அடைத்தார்கள். கொஞ்ச நாளில் வேறு பெயரில் திறந்தார்கள். அதே காண்ட்ராக்டர்தான்; எங்கள் பக்கம் அவரைத்தான் மொதலாளி என்போம். என் வீட்டுக்காரரும் ஒரு காதோடு மறுபடி அதே கம்பெனி வேனில் ஏறினார்.

எங்கள் சபையில் மழைக்காலத்தில் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்தது, வளர்ந்தது, நேர்ந்தது எல்லாவற்றையும் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். கறுப்புக் கோழியை அந்தப் பண்டிகைக்குத் தருவதாகச் சபை மூப்பரிடம் அப்போதே சொல்லி வைத்தேன். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மயில் வந்தது அதற்குப் பிறகு. புது ஷெட் போட எங்கள் தெருவுக்குப் பின்னால் கருவேலங்காட்டை மண் அள்ளுகிற இயந்திரம் வைத்து அழித்தார்கள். அதை ஓட்டுகிற தம்பி தலைத்துண்டில் நாலு முட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். தாய்மயிலை நாய்கள் கடித்துப் போட்டுவிட்டதாம். “அக்கா, சூடா இருக்கு, பாருங்க” என்று என் கையில் வைத்தான். அந்த வழியாகப் போகிற வனக்காவலரை நிறுத்திக் கேட்டேன். “ஆபீசுல சொல்லி வைக்கேன். பொரிச்சா வளந்ததும் தன்னால காட்டுக்குப் போயிரும். கூண்டுல மட்டும் அடைச்சிராதீக” என்றார்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அடைக்குக் கிடந்தது அந்தக் கறுப்புக் கோழி ஒன்றுதான். மயில் முட்டை பொரிக்கக் கோழி முட்டையைவிட ஒரு வாரம் கூட ஆகும். ஆகவே மயில் முட்டையை முதலில் வைத்து, கோழி முட்டையைப் பிறகு சேர்த்தேன். எல்லாம் ஒரே சமயத்தில் பொரிந்தன.

மயில்குஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி இல்லை. பிறக்கும்போதே இறக்கையில் இறகு இருக்கும், ஆனால் தரையில் கிடக்கிற தீனியைப் பொறுக்கத் தெரியாது. தாயின் அலகைப் பார்த்துக்கொண்டே நிற்கும். முதல் நாள் முழுக்கக் கறுப்புக் கோழி தரையைக் கிண்டிக் கிண்டிக் காட்டியது. அதன் குஞ்சுகள் ஓடி ஓடித் தின்றன. மயில்குஞ்சுகள் அதன் மூஞ்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றன. மறுநாள் நான் பழைய பானையில் ஈரச் சாக்கும் சாணியும் அடைத்துக் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடித்துக் கொட்டினேன். கோழி ஒரு கரையானை அலகில் எடுத்தது. முழுங்கவில்லை, கீழேயும் போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. ஒரு மயில்குஞ்சு வந்து அலகிலிருந்து வாங்கிக்கொண்டது. எந்தக் கோழியும் அதற்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

வேலிக்கு அந்தப்புறத்துக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அக்கா போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “ஏத்தா, எங்க முருகன் வண்டிய வேதக்கார வீட்டுல செட்டு போட்டு நிப்பாட்டியிருக்கீகளா?”

“ஒங்க சாமி வந்து கேக்கட்டும், சாவியத் தாரேன்” என்றேன்.

ஆனால் எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டம் சாதுக்கூட்டம் இல்லை. வான்கோழிச் சேவல் ஒன்று, இரண்டு கினிக்கோழி, ஒரு சாம்பல் கோழி, ஒரு சேவல். எல்லாவற்றுக்கும் மயில்குஞ்சு ஆகாது. கறுப்புக் கோழி இறக்கையை விரித்து எகிறும்வரைதான் அவை பக்கத்தில் வராது. மழை வேறு தொடங்கிவிட்டது. நனைந்தால் மயில்குஞ்சு தாங்காது. கறுப்புக் கோழியின் இறக்கைக்கடியில்தான் நாலுக்கும் உயிர் இருந்தது.

பண்டிகைக்கு முந்திய வாரம் மூப்பர் வந்தார். “என்னம்மா, கறுப்புக் கோழி ரெடியா?”

“அண்ணாச்சி, அது கால்ல நாலு மயில்குஞ்சு கெடக்கு. பதிலுக்கு ரெண்டு கோழி தாரேன். வான்கோழிய வேணும்னாலும் பிடிச்சுக்கோங்க. இதை அடுத்த வருசம் தாரேன்.”

“நேர்ந்தது எது?”

“அதுதான்.”

“அப்ப அதைத்தான குடுக்கணும்? புருசன் உசுருக்கு நேர்ந்தது. மாத்திக் குடுத்து, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் போய்க் கேப்பீக?”

அந்தச் சொல் என்னை அடித்தது. சத்தம் கேட்ட அந்தக் காலை மறுபடி என் உள்ளங்காலில் ஏறியது. அதைத் தெரிந்துதான் சொன்னார்.

“குஞ்சைச் சாம்பக் கோழிகிட்ட விடுங்க. கோழிக்கு என்ன தெரியும், எது மயிலு எது குயிலுன்னு” என்று சிரித்துவிட்டுப் போனார்.

பயத்தில் அவர் சொன்னபடியே செய்தேன். கறுப்புக் கோழியைப் பஞ்சாரத்தில், மூங்கில் கூடையில், கவிழ்த்து மூடிவிட்டுக் குஞ்சுகளைச் சாம்பல் கோழியிடம் விட்டேன். அடுப்பில் உலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு குஞ்சின் மண்டையைக் கொத்திப் பிளந்து போட்டிருந்தது. பஞ்சாரத்துக்குள் கறுப்புக் கோழி முட்டி முட்டிக் கொண்டையில் இரத்தம் வந்திருந்தது.

செத்த குஞ்சைச் சுளகில் வைத்து எடுத்துக்கொண்டு நேராக மூப்பர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, சாம்பக் கோழிக்கு மயிலு குயிலு தெரிஞ்சிருச்சு. பாருங்க.”

“சாப்பிடுற நேரத்துல என்னத்தம்மா கொண்டாறீக!”

“நீங்க சொன்னீக, விட்டேன். மிச்சம் மூணு இருக்கு. அதையாவது விடுங்க. எந்தக் கோழின்னா ஆண்டவருக்கு என்ன?”

அவர் கையைக் கழுவிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆண்டவருக்கு ஒண்ணுமில்லம்மா. மொதலாளி ஏலத்துக்கு வாராக. அந்தக் கோழியத்தான் எடுக்கணும்னு சொல்லியிருக்காக. அவுக கம்பெனியில பொழச்ச ஆளுக்கு நேர்ந்த கோழின்னு மைக்குல சொன்னா, கேக்குற சனத்துக்கும் ஒரு திருப்தி. கோயில் கூரைக்குத் தகரம் அவுகதான் எடுத்துத் தாராக.”

 அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. என் பயத்தில் வந்த ஜெபத்தை எடுத்து அந்த மனிதர் தன் சட்டையில் பூ மாதிரிக் குத்திக்கொள்ளப் போகிறார். அதற்கு என் கோழி வேண்டும்.

“பொழச்ச ஆளுக்கு இது. செத்த ரெண்டு பேருக்கு மொதலாளி எதை ஏலம் எடுக்கப் போறாக?”

“மெதுவாப் பேசுங்க, தெருவுல ஆள் போகுது.”

போதகரிடம் போனேன். புதிதாக வந்தவர், சின்ன வயது. “கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்கம்மா” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “குடுத்துரு புள்ள, வம்பு வேணாம்” என்றார்.

“குஞ்சு?”

“என்னது?”

“குஞ்சு, குஞ்சு!”

“அதான் சொல்லுதேன், குடுத்துரு.”

கேட்காத காதுப் பக்கம் நின்று பேசியிருக்கிறேன். திரும்ப வந்து கேட்கிற காதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மொதலாளியின் வேனில்தான் விடிந்ததும் அவர் ஏற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. மூன்று மயில்குஞ்சுகளையும் கோழிக்குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள் பழைய சேலை போட்டு வைத்து, வேலிக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கோழியை மடியில் இடுக்கிக்கொண்டு போனேன். குஞ்சுகள் கத்தியது தெருமுனை வரை கேட்டது. பீடத்தில் கோழியை வைத்தபோது நான் சொன்னது இவ்வளவுதான்: “ஆண்டவரே, குஞ்சுகளைச் சிறகடியில் சேர்க்கிற கோழிக்கு நீரே உம்மை ஒப்பிட்டவர். உமக்குத் தெரியாததா? சொன்னதைக் கொண்டுவந்துவிட்டேன். இனி நடக்கிறதை நீர் பாரும்.”

ஏலத்தில் மொதலாளி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய் எல்லாம் போனபின் மூப்பர் கோழியைக் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார். “இது சாதாரணக் கோழி இல்ல. மொதலாளி கம்பெனியில ஆபத்து வந்த அன்னைக்கு, ஒரு மயிர்கூடக் கருகாம ஆண்டவர் காப்பாத்துன நம்ம சகோதரருக்கு நேர்ந்த கோழி!”

ஒரு மயிர்கூடக் கருகவில்லையாம். அந்தச் சகோதரர் பக்கத்தில் நின்றவரிடம் “என்ன சொல்லுதாக?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வேறு ஒருவர் பேச்சுக்கு ஒரு விலை கேட்டார். மொதலாளி கையை உயர்த்தினார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கைதட்டல். அதோடு போயிருந்தால் நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் எழுந்து மைக்கை வாங்கினார். “இந்தக் கோழி அந்தக் குடும்பத்துலயே இருக்கட்டும். என்னோட அன்பளிப்பா வச்சுக்கிடட்டும்” என்றார். முன்னைவிடப் பெரிய கைதட்டல். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“வாங்கம்மா, வந்து வாங்கிக்கோங்க. மொதலாளிக்கு ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க” என்றார் மூப்பர்.

குஞ்சுகள் மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கோழியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். வாசல் பந்தலுக்கு வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. போனேன். கோழியை வாங்கி நிமிர்த்தி, கால்கட்டை அவிழ்த்து, மடிக்குள் விட்டேன். அதன் நெஞ்சு என் வயிற்றில் அடித்துக்கொண்டது. மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்கள். எட்டாவதோடு நின்றவள் நான். மைக்கில் பேசியதே இல்லை.

“இது ஆண்டவருக்குக் குடுத்த கோழி. இதை எனக்கு அன்பளிப்பாத் தர யாருக்கும் உரிமை இல்ல. வீட்டுல மூணு குஞ்சு மழையில கெடக்கு, அதுக்காக வாங்கிட்டுப் போறேன். என் வீட்டுக்காரரு ஒரு காதை அங்கன விட்டுட்டுத்தான் வந்தாக. பக்கத்து ரூம்ல ரெண்டு பொம்பளைக வரவே இல்ல. அம்புட்டு ஆளையும் அந்த ரூமுக்குள்ள உக்கார வச்சது யாரு? அதுக்கும் சேத்துக் கை தட்டுங்க…”

மூப்பர் மைக்கைப் பிடுங்கிவிட்டார். யாரும் தட்டவில்லை. பந்தலில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு ஓடினேன். பஞ்சாரத்துக்குள் சத்தமே இல்லை. தூக்கிப் பார்த்தால் கோழிக்குஞ்சுகள் மட்டும் சேலைக்குள் சுருண்டு கிடந்தன. வேலிக்கு அந்தப்புறமிருந்து, “இங்கன பாரு, மூணும் எம் மடியிலதான். கத்தித் தொலைச்சுதுக, தூக்கி வச்சுக்கிட்டேன்” என்று குரல் வந்தது. கோழியை இறக்கி விட்டேன். கொக் கொக் என்று ஒரு தடவைதான் கூப்பிட்டது. அவள் மடியிலிருந்து மூன்றும் குதித்து ஓடிவந்து அதன் அடியில் புகுந்துகொண்டன.

அவள் எழுந்திருக்கவில்லை. “போன்ல சொன்னாக. மைக்குல எங்க அக்காளப் பத்திப் பேசுனியாமே.”

“பேசுனேன்.”

“பேரச் சொன்னியா?”

“சொல்லுததுக்குள்ள பிடுங்கிட்டாக.”

மடியில் ஒட்டிக் கிடந்த சின்ன இறகைத் தட்டிவிட்டாள். “அடுத்த தடவ மொதல்ல பேரச் சொல்லு” என்றாள்.

மறுநாள் வேன் எங்கள் தெருவில் நிற்கவில்லை. இப்போது என் வீட்டுக்காரர் இரண்டு பஸ் மாறி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேலைக்குப் போகிறார். ஏன் பேசினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூப்பர் எதிரே வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டு போகிறார். மயில்குஞ்சுகள் வேப்பமரத்தில் ஏறப் பழகின. கறுப்புக் கோழி அடியில் நின்று அண்ணாந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கீழ்க்கொம்பு வரை பறந்து ஏறிப் படுத்துக்கொள்ளப் பழகியது. பிறகு அவை மூன்றும் மிச்சமிருக்கிற கருவேலங்காட்டுக்குப் போய்விட்டன. விடியற்காலையில் கம்புக்கு வந்து போகின்றன.

சத்துருவையும் மன்னித்து ஜெபிக்க வேண்டும் என்று போதகர் சொல்லும்போது எல்லாரும் கண்ணை மூடி முணுமுணுக்கிறார்கள். எனக்கு இன்னும் அது வரவில்லை. வராததை வந்ததாக ஆண்டவரிடம் சொல்ல முடியுமா? அந்த இடத்தில் நான் அந்த இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிறேன்.

அறுப்பின் பண்டிகை மறுபடி வருகிறது. தகரம் போட்டாகிவிட்டது, மொதலாளிக்கு மாலை போடப் போகிறார்களாம். மைக் என் பக்கமே வராது, எனக்குத் தெரியும். இரைந்து பேசித்தான் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு காதுக்காரரோடு குடித்தனம் நடத்துகிறேன். என் தொண்டைக்கு மைக் தேவையில்லை.