வட்டைக்குள் கிடக்கும் யானை

கொக்கட்டிச்சோலையைத் தாண்டி ஒரு வயல் வரம்பில் நிற்கிறேன். வயலுக்கு வரும் யானைகளைப் பற்றி விவசாயிகளிடம் கேட்டு எழுதுவதுதான் என் பல்கலைக்கழக ஆய்வு. இன்று நான் சந்திக்க வந்த புவனேஸ்வரி அக்காவோ என் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அவருடைய வட்டைக்குள், விளைந்த நெல்வயலின் நடுவே, ஒரு யானை சரிந்து கிடக்கிறது.

"ராவு வீட்டுக் கரண்டை வேலிக் கம்பிக்குக் குடுத்தனான் பிள்ளை" என்கிறார் மெல்ல. "விடியத்தான் கழட்டினன். வெருட்டத்தான் நினைச்சன். கொல்ல நினைக்கல்ல."

தொலைநோக்கியைக் கண்ணில் வைக்கிறேன். சேறு பூசிய வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது மெதுவாக உயர்ந்து தாழ்கிறது.

"மூச்சு இருக்கு அக்கா."

"பொய் சொல்லாத."

அவர் தொலைநோக்கியை வாங்குவதற்குள் யானையின் காது அசைகிறது. முன்கால்களை ஊன்றி, சோம்பலாக எழுந்து நிற்கிறது. உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. அது வேலிப் பக்கமே வராமல் வாய்க்கால் வழியாக உள்ளே வந்திருக்கிறது; சேற்றில் பதிந்த தடங்கள் அப்படித்தான் காட்டுகின்றன. வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறது.

அக்கா வரம்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார். நானும் பக்கத்தில் உட்காருகிறேன். யானை இன்னொரு பிடி நெல்லைப் பிடுங்கி, காலில் தட்டிச் சேற்றை உதறுகிறது.

"அங்க பாருங்க, திரும்பவும் தின்னுது" என்கிறேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார்.

"திண்டுட்டுப் போகட்டும் பிள்ளை."