ஆலைக் களத்தில் சில்லுச் சப்பாத்து

என் மாமாவின் மகன் என்னைவிடப் பதினொரு நாள் இளையவன். ஆனாலும் எல்லாம் அவனுக்குத்தான் முதலில் வந்தது. எண்பத்திரண்டாம் ஆண்டு, சிறுபோக நெல் வெட்டி முடிந்த நாட்களில், சவூதியிலிருந்து மாமா அவனுக்குச் சில்லுச் சப்பாத்து அனுப்பினார். நாலு சில்லு பூட்டிய இரும்புத் தட்டு, சிவப்பு வார், காலுக்கேற்ப அளவைத் திருகிக் கூட்டிக் குறைக்கச் சாவிபோல ஒரு திறப்பு. அந்தத் திறப்பைக் கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவன் குர்ஆன் ஓதப் போனான். ஓதிக்கொடுக்கும் லெப்பைகூட அதைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் தெருக்கள் எல்லாம் மணல். சில்லு உருள ஓரிடம்தான் இருந்தது: அவித்த நெல் காயப்போடும் அரிசி ஆலையின் சிமெந்துக் களம். வெள்ளிக்கிழமைகளில் ஆலை பூட்டு. களத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஜும்ஆ முடிந்ததும், தொழுகைக்கு உடுத்த சாரனோடு ஏழெட்டுப் பேர் அங்கே கூடினோம்.

அந்த ஆலையில்தான் என் வாப்பாவுக்கு வேலை. மழைநீர் வடிவதற்காகக் களத்தின் நடுவுக்குச் சற்றுக் கிழக்கே மேடாக்கி, இரண்டு பக்கமும் சரித்துக் கட்டியிருந்தார்கள். பார்வைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவனை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இஞ்சருந்து வெளிக்கிடு மச்சான்."

சரிவைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவன் விழவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை.

விழவில்லை. "உம்மோ!" என்று கத்தியபடி, கொக்கு இறங்குவதுபோலக் கைகளை விரித்துக்கொண்டு போய், கிழக்கு மூலையில் கிடந்த உமிக் குவியலுக்குள் செருகிக்கொண்டான். எழும்பியபோது பல்லெல்லாம் உமி. சிரித்துக்கொண்டிருந்தான்.

"பறக்கிறான்டா!" என்று கூட்டம் கூவியது. அந்த ஓட்டத்தை அவனுக்குக் கொடுத்ததே நான்தான்.

"இப்ப நீ," என்று அவனே குந்தியிருந்து எனக்கு வார் கட்டினான். "சாரனை மடிச்சுக் கட்டு. மெல்ல உமிப் பக்கமாப் போ."

அவன் போன பக்கம் நானும் போவதா? மேற்குச் சரிவு அதைவிட நீளம். அந்தப் பக்கம் திரும்பினேன்.

"அங்கால வேணாம்டா, படங்கடியில நெல்லுக் கிடக்கு!" என்று அவன் கத்தினான்.

"எனக்குத் தெரியாத களமா?"

மேட்டிலிருந்து கைகளை வீசி உருண்டேன். காதுக்குள் காற்று. ஒரு கணம் அவனையே மறந்துவிட்டேன். பிறகு, படங்குத் துணியால் மூடிய நெற்கும்பியிலிருந்து சிந்திய மணிகளில் சில்லுகள் இறுகி நின்றன, நான் நிற்கவில்லை. முழங்கையும் முகத்து நாடியும் சிமெந்தில் தேய்ந்தன. சாரன் கழன்று எனக்கு முன்னால் போய்விட்டது.

"சாரனுக்குத்தான்டா முதலாமிடம்!" என்றான் ஒருவன்.

நொண்டிக்கொண்டே இரண்டு ஓட்டங்களையும் அடிவைத்து அளந்தேன். அவன் என்னைத் தாங்கிக்கொண்டு கூடவே வந்தான். அவனுக்கு முப்பத்தொன்று, எனக்குப் பத்தொன்பது.

வீட்டில் உம்மா இரத்தத்தைக் கண்டு பதறினார். "என்ன மகன் இது?"

நான் வாய் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான். "ஏசாதீங்க மாமி. எல்லாரிலயும் மச்சான்தான் தூரம் போனான்."

உம்மா என் பக்கம் திரும்பினார். "மெய்யா?"

"ஓம்," என்றேன். அந்த நேரம் அவனை வெறுத்ததுபோல் அதற்கு முன் ஒருநாளும் வெறுத்ததில்லை.